இரண்டாவது முப்பாட்டன்

தமிழினத்தின் முதல் மனிதன் தன்னுடைய காணியில்தான் படுத்திருக்கிறான் என்று தம்பிஐயா மாஸ்டர் வாசிகசாலைப் பொதுக்கூட்டத்தில் அறிவித்தபோது, தலைவர் உட்பட எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"எகிப்துக்காரன் கல்லடுக்கப் பழக முதல் எங்கடை முப்பாட்டன் இஞ்சை இரும்பு உருக்கினவர். என்ரை உயிர் போனாலும் அவரின்ரை சுண்டுவிரல் எலும்பைக்கூட ஒருத்தரையும் நொருக்க விடன்!"

முப்பாட்டனைப் பற்றி மாஸ்டருக்கு அப்போது தெரிந்தது கொஞ்சம்தான். புதுவீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது கறுப்பும் சிவப்புமாக ஒரு சட்டியும், பக்கத்தில் ஒரு தாடையெலும்பும் வந்திருந்தன. மிச்சத்தை அவர் மேடையில் கண்டுபிடித்தார்.

கடைசி வாங்கில் தங்கமுத்து இருந்தாள். மாஸ்டரின் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவள். மயிலிட்டிக் காணியைச் சண்டைக்காலத்தில் ஆமி எடுக்க, முகாம் முகாமாக அலைந்து, இங்கே இரண்டு பரப்பு வாங்கி, இடியப்பம் அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். அவள் மலசலகூடக் குழி வெட்டியபோதும் இதேபோலச் சட்டியும் எலும்பும் வந்தன. எல்லாவற்றையும் அடித்து நொறுக்கி, மூடி, மேலே கொங்கிறீற் போட்டுவிட்டாள். மேசன் குடிவெறியில் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

"முப்பாட்டன்ரை நெஞ்சிலை கக்கூஸ் கட்டினவவும் தமிழிச்சிதான், கேட்டியளோ!" என்று மாஸ்டர் கையை நீட்டினார். சபை குலுங்கிச் சிரித்தது.

தங்கமுத்து எழும்பினாள். "சட்டி கிடக்கிறது தெரிஞ்சால் காணியை எடுத்துப்போடுவாங்கள், மாஸ்டர். ஒருக்காக் குடுத்தனான். இன்னொருக்கா ஏலாது."

"காணி பெரிசோ, இனம் பெரிசோ?"

இதற்கும் கைதட்டல்.

அடுத்த நாளிலிருந்து 'கக்கூஸ் மாமி'யிடம் இடியப்பம் வாங்க ஒருவரும் வரவில்லை. அவள் அவித்ததைக் கோழிகளுக்குப் போட்டாள். பிறகு கோழிகளை விற்றாள். இனமானம் பரவுவதைப் பார்த்து மாஸ்டர் உள்ளூர மகிழ்ந்தார்.

கம்பஸின் தொல்லியல் துறையிலிருந்து விரிவுரையாளர் தாரிகா மாணவர்களோடு வந்தாள். நூல் கட்டிச் சதுரம் போட்டு, கரண்டியால் சுரண்டி, தூரிகையால் தட்டி, ஒரு கிழமையில் முப்பாட்டனை முழுதாக வெளியே காட்டினார்கள். கால் நீட்டி மல்லாந்து கிடந்தார். காலடியில் சட்டிகள்.

"பெருங்கற்காலம் எண்டுறியள், ஒரு பெரிய கல்லையும் காணேல்லையே பிள்ளை?"

"அது பேர்தான் சேர். இஞ்சை கல்லு நடாமல் குழியிலைதான் புதைச்சிருக்கினம்."

"பறங்கியள் கோட்டை கட்டக் கொண்டுபோயிருப்பாங்கள்," என்று மாஸ்டர் தீர்ப்பளித்தார். மாணவன் ஒருவன் அதையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முப்பாட்டனைத் தறப்பாளால் மூடிவிட்டுப் புறப்படும்போது தாரிகா மலர்ந்த முகத்தோடு சொன்னாள்:

"இவர் தனி ஆளெண்டால் நாங்கள் எடுத்துக்கொண்டு போயிடுவம், காணி உங்களுக்கு. ஆனால் இப்பிடித் தனிய ஒருத்தரைப் புதைக்கிறது குறைவு சேர். திங்கக்கிழமை வேலிக்கரை மூலையைத் திறப்பம். அங்கையும் ஒருத்தர் கிடந்தால் இது இடுகாடு. முழுக் காணியும் பாதுகாப்புக்குப் போகும். பிறகு ஒரு கல்லும் வைக்கேலாது."

"பெருமைதானே," என்றார் மாஸ்டர்.

அது மகள் நிவேதனாவின் சீதனக் காணி. கலியாணம் ஆவணியில்.

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி ஞானாம்பிகை. "ஒரு எலும்புக்கூடெண்டால் பெருமையெண்டு சமாளிக்கலாம். காணியே போச்செண்டால் மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிப் போவினம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் முழுக்கக் கோயில் அன்னதானத்தில் இருந்தது. மாஸ்டர் இரும்பு அலவாங்கோடு வேலிக்கரை மூலைக்குப் போனார். ஒன்றும் இல்லையென்று நிச்சயப்படுத்தத்தான் போனார். நாலாவது குத்தில் 'டொக்' என்றது. கையால் மண்ணை விலக்கினார். சட்டியின் விளிம்பு. அதற்கு அப்பால் ஒரு மண்டையோடு, வாயைத் திறந்தபடி.

சட்டியை உடைப்பது சுலபமாக இருந்தது.

"என்ன மாஸ்டர், உதுவும் முப்பாட்டனோ?"

வேலிக்கு மேலால் தங்கமுத்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை அன்னதானத்துக்கு ஒருவரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"பழைய பானை," என்றார் மாஸ்டர்.

"பானைக்குப் பல்லு இருக்கே?"

மாஸ்டர் அலவாங்கை இரண்டு தரம் இறக்கினார். ஒரு பல்லும் மிஞ்சாமல் பொறுக்கி உரப்பைக்குள் போட்டு, காணியின் பின்பக்கத்துப் பாழ்ங்கிணற்றுக்குள் விட்டுவிட்டு வந்து குழியை மூடினார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மரியாதையாக, வெறுங்காலால் மண்ணை மிதித்துச் சமப்படுத்தினார்.