முப்பதுக்குப் பதினொன்று

செல்லத்தாய் அம்மாளுக்கு நான் போட்ட மார்க் முப்பதுக்குப் பதினொன்று. மதுரையில் ஒரு முதியோர் மனநல மையத்தில் நான் கவுன்சிலர். பெயர் ஆயிஷா சித்திகா. புதன்கிழமைதோறும் வயதானவர்களின் ஞாபகசக்தியைச் சோதித்து எழுதுவது என் வேலை. ஒன்பது வருடமாகச் செய்கிறேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த அம்மாளுக்கு எழுபத்தாறு வயது. வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார். கணவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மகன் பாண்டியராஜனும் மருமகளும் ஆனையூரில் பெயிண்ட் கடை நடத்துகிறார்கள். அம்மாவை என் முன்னால் உட்காரவைத்துவிட்டு, பாண்டியராஜன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மேடம், காலையில டீ போட்டா ரெண்டு டம்ளர்ல ஊத்துது. ஒண்ணக் கொண்டுபோயி அப்பா கட்டில்கிட்ட வைக்குது. அங்கனயே நின்னு பேசுது. புத்தி நல்லா இருக்குன்னு நீங்க சொல்லிட்டா ஊர்லயே இருக்கட்டும், நான் தடுக்கல. பிசகியிருந்தா வீட்டப் பூட்டிட்டு ஒரு ஹோம்ல சேத்துருவேன். எங்க வீட்ல பகல்ல ஆளு இருக்காது."

எவ்வளவு தாழ்த்தியும் அம்மாளுக்குக் கேட்டுவிட்டது. "நான் எங்கயும் வரல. எங்க வீட்லயே கெடந்துக்கிறேன்," என்றார்.

விதிப்படி மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தேன். இன்றைக்கு என்ன தேதி? "ஆவணி பதினெட்டு. பௌர்ணமிக்கு இன்னும் நாலு நாள் கெடக்கு." படிவம் கேட்டது இங்கிலீஷ் தேதியை. சைபர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். சிரித்தார். கடிகாரம் வரையச் சொன்னேன். பென்சிலைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்துப் பார்த்துவிட்டு, பத்திரமாக மேசையில் திருப்பி வைத்தார். வீட்டுக் கதவு எண்?

"எங்க வீட்டுக்கு எதுக்குத் தாயி நம்பரு? வேப்பமரத்து வீடுன்னா எல்லாரும் காட்டுவாக."

"சரிம்மா. உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். மறுபடி கேட்டேன்.

"எம் மகனக் கூப்பிடு தாயி. அவன் சொல்லுவான்."

"நீங்கதாம்மா சொல்லணும்."

"வெளியதான இருக்கான்? ஒரு சத்தம் குடு."

ஐம்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவரின் பெயர் நினைவில் இல்லை. பதிலுக்கு அடுத்தவரைத் தேடுகிறார். ஞாபகமறதிக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே எழுதினேன். அழகான கையெழுத்தில் வேறு எழுதினேன், அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த இரண்டாவது டம்ளர் டீயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

என் அறிக்கையை நம்பி டாக்டர் கையெழுத்துப் போட்டார். அந்த மாதமே செல்லத்தாய் அம்மாள் டி. கல்லுப்பட்டி போகிற வழியில் இருக்கும் ஒரு ஹோமுக்குப் போனார். நான் அடுத்த புதன்கிழமைக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டேன்.

கார்த்திகை பிறந்ததும், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு டீச்சர் காஜிமார் தெருவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் இருந்தேன். வாசலில் என் அம்மா சபியா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "கணவர் பெயர்?" என்று டீச்சர் கேட்டது காதில் விழுந்தது. உடனே அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆயிஷா, இங்கிட்டு வா. அத்தா பேரச் சொல்லு."

போய், "சிஹாபுதீன்" என்றேன். டீச்சர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என் அம்மா பத்தாவது வரை படித்தவர். பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம் அவர்தான் போய்வருவார். ஆனால் அத்தாவின் பெயர் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. கூப்பிட வேண்டுமென்றால் அண்ணன் பெயரைச் சேர்த்து, "ஜுல்பிகர் அத்தா" என்பார். முப்பத்தாறு வருடம் அதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அம்மா சொல்லாவிட்டால் மரியாதை, செல்லத்தாய் அம்மாள் சொல்லாவிட்டால் வியாதியா? வீட்டில் தெரிந்த விஷயம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு எப்படி மறந்தது? அன்றைக்கு மறதி இருந்தது எனக்குத்தான்.

பாண்டியராஜனுக்கு போன் செய்து, நான் தப்பாக எழுதிவிட்டேன், அம்மாவுக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், மறுபடி பார்க்க வேண்டும் என்றேன்.

"அப்பா பேரயா கேட்டீங்க?" என்றார். "அத அம்மா ஒருநாளும் சொன்னதில்லையே மேடம். என்னக் கூப்பிட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "வீட்ட இடிச்சாச்சு மேடம். ஐப்பசி மழையில பின்சுவர் சரிஞ்சிருச்சு. இனிமே அங்க யாரு இருக்கப்போறான்னு மொத்தமாத் தள்ளிட்டேன். நீங்க எழுதிக் குடுத்தத நம்பித்தான்... அம்மாகிட்ட இன்னும் சொல்லல. எனக்குச் சொல்ல வாய் வரல."

அவரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. எந்த வாயால் திட்டுவது? நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

ஹோமில் ஒரு நீளமான ஹால், இரண்டு பக்கமும் கட்டில்கள். அங்கே வேலைபார்க்கும் மலையம்மாள் என்னைக் கூட்டிப்போனார். "சாப்பாடெல்லாம் சாப்புடுது. டீ மட்டும் பாதியக் குடிச்சிட்டு மீதிய வச்சிருது. எம்புட்டுச் சொன்னாலும் கேக்கல," என்றார். கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அந்தப் பாதி டீ ஆடை கட்டிப்போய் இருந்தது.

என்னைப் பார்த்ததும் செல்லத்தாய் அம்மாள் எழுந்து நின்றார். ரொம்ப இளைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்.

"காசிமாயன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"காசிமாயன். எம் வீட்டுக்காரரு பேரு காசிமாயன்."

சொன்ன கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணீர் இறங்கியது. "இதச் சொல்லாததுக்குத்தான என்னய இங்க கொண்டாந்து போட்டீக? இந்தா, சொல்லிட்டேன். எழுதிக்க தாயி. என்னய வீட்டுக்கு விடச் சொல்லு."

இந்த ஒரு பெயரை வாய்க்குள் எத்தனை நாள் சொல்லிப் பழகினாரோ! நான் அவர் கையைப் பிடித்தேன். "அம்மா, உங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. அன்னைக்கு நீங்க சொல்லாதது சரி. நான் கேட்டதுதான் தப்பு."

என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப நான் சொல்லியிருக்க வேண்டியதில்லையா?"

"வேண்டியதில்லம்மா."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆவணியிலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்: அந்த டீ யாருக்கு?

"அவுகளுக்குத்தான். செத்துட்டாகன்னு எனக்குத் தெரியாதா தாயி? தூக்கிட்டுப் போற வரைக்கும் தலமாட்டுல நாந்தான உக்காந்திருந்தேன்? ஒத்தையில டீ குடிச்சுப் பழக்கமில்ல. அதான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே ஒரு தெம்பு வந்ததுபோல எழுந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டைப்பையை இழுத்தார்.

"சரி, போகட்டும். வீட்டுக்குப் போயி அவுக கட்டிலுக்குக் கிட்டக்க உக்காந்து, பேரச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிக்கிறேன். அவுக ஒண்ணும் சொல்லமாட்டாக."

கொடியில் கிடந்த சேலைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்தார். இரண்டாவதை மடித்து வைத்தார். மூன்றாவதை எடுத்தபோது நான் எழுந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அம்மா, கொஞ்சம் உக்காருங்க," என்றேன்.