இதமாகப் பேசும் வகுப்பு

இறந்துபோன கணவருக்குக் கடைசிச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பொத்தானை அவள் மாட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்தார். கணவர் வேலை பார்த்த கட்டட வரைபட அலுவலகத்தின் முதலாளி. பதினெட்டு வருஷம் இந்த மனிதரைச் சக்கையாகப் பிழிந்தவர்.

"என் வலது கையே போச்சு அண்ணி," என்றார். குரலில் சர்க்கரைப் பாகு.

பின்னாலேயே டாக்டரம்மா வந்தார். அவருடைய புது மருத்துவமனைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது முதலாளியின் அலுவலகம்தான். போன வாரம் அதன் வாசல் சரிவில் சக்கர நாற்காலி பின்னால் உருண்டு, ஒரு நோயாளிக்கு இடுப்பு உடைந்துவிட்டது.

முதலாளி டாக்டரை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார். நாலடி தூரம். அவளுக்குக் காது கேட்காதா என்ன?

"போன மனுஷனைப் பத்திப் பேசக் கூடாதுதான். ஆனா அந்தச் சரிவு இவர் பண்ண தப்பு டாக்டர். பாவம், பெருசு பண்ணாதீங்க."

அடப்பாவி! பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா!

அலுவலகக் கூட்டத்தில், "இது ரொம்பச் செங்குத்து, நாற்காலி ஏறாது, சரிவை நீட்டணும்" என்று போட்டு உடைத்தவர் அவள் கணவர். நீட்டினால் கார் நிறுத்தும் இடம் குறையும். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. இதமாகப் பேசக் கற்றுக்கொள்ளச் சொல்லி, ஐம்பத்திரண்டு வயதில் அவரை வகுப்புக்கு அனுப்பினார். அங்கே கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகச் சொன்னார்களாம். அன்றைக்கே இவளுக்கு முதலாளியிடமிருந்து போன்: "அவருக்கு வாய் ஜாஸ்தி அண்ணி. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

சொன்னாளே! சாப்பிட உட்கார்ந்தால், படுத்தால், அதே நச்சரிப்பு. "ஒத்துப் போனா என்ன குறைஞ்சிடும்?" ஒரு நாள் அவர் வாயை மூடிக்கொண்டார். சொன்னபடி வரைந்து கொடுத்தார். அப்போது அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதை நினைக்க, தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"டாக்டர், ஏறாதுன்னு என் வீட்டுக்காரர் அப்பவே சொன்னார். அவர் வாயை அடைக்கச் சொன்னது இந்த ஆளு. அடைச்சது நான்."

முதலாளி சிரிக்கப் பார்த்தார். "துக்கத்துல ஏதோ..."

"நீங்க சும்மா இருங்க," என்றார் டாக்டர். "அப்பவேன்னா எப்பம்மா?"

"வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

டாக்டர் முதலாளியை விட்டு விலகி நின்றார்.

அமரர் ஊர்தி வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். முன்பக்க மூலையை முதலாளி முந்திக்கொண்டு பிடித்தார்.

"நீங்க வேண்டாம்," என்றாள்.

தூக்காமல் எல்லோரும் நின்றார்கள். முதலாளி கையை எடுத்தார். டாக்டர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அந்த மூலையைப் பிடித்துக்கொண்டார்.