பாலத்தைக் கடந்த ஹீல்ஸ்

மின்கே, புருஷன் டௌவேயின் கால் பக்கத்துப் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். சவப்பெட்டிக்குள் ஆண்கள் போடும் கறுப்பு ஷூ ஒரு ஜோடி, கயிறு இறுக்கிக் கட்டி, மூக்கு மேலே பார்த்தபடி இருந்தது. அதற்கு மேலே கல்யாணத்துக்குத் தைத்த பழைய கோட்டும் பேன்ட்டும்.

"இது யாரோட ஷூ?"

பக்கத்து வீட்டு ஹார்மும் அவர் மனைவி ஃபென்னாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஃபென்னா, உன்னைத்தான் கேக்கறேன். நாற்காலி மேல சாம்பல் ஸ்கர்ட்டும் வெள்ளை பிளவுஸும் மடிச்சு வெச்சிருந்தேனே, எங்க?"

"கசங்கிடும்னு அலமாரியில மாட்டிட்டேன்," என்றாள் ஃபென்னா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அந்த ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வீட்டுக்காரர்கள் ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, காபி போடுவது, கேக் வெட்டுவது, கடைசியில் தோளில் தூக்குவது எல்லாம் அடுத்த வீட்டுக்காரர்கள் பொறுப்பு. அவர்கள் செய்வதில் குறை சொல்லவும் கூடாது. அதனால்தான் மின்கே காலையிலிருந்து தன் சொந்தச் சமையலறையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, ஃபென்னா கொடுத்த காபியை மறுபேச்சில்லாமல் குடித்துக்கொண்டிருந்தாள். இப்போது போதும் என்று ஆகிவிட்டது.

டௌவே பேன்ட் போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வசந்த காலத்தில் முட்டி வரைக்கும் ஸ்கர்ட், நாலு விரல் உயர ஹீல்ஸ், எப்போதும் போலப் பெரிய மீசை என்று பாலத்து வேலைக்குக் கிளம்பினார். "பொம்பளையா மாறப் போறியா?" என்று கேட்டவர்களிடம், "இல்லையே. நான் அதே டௌவேதான். இது எனக்கு அழகா இருக்கு, அவ்வளவுதான்," என்றார். படகு போகப் பாலத்தைத் தூக்கிவிடுவதும், தூண்டில் கோலில் ஒரு மரச்செருப்பைக் கட்டி ஆட்டிப் படகுக்காரர்களிடம் கட்டணம் வாங்குவதும் அவர் வேலை. கோலில் மரச்செருப்பு, காலில் ஹீல்ஸ். எதைப் பார்ப்பது என்று படகுக்காரர்கள் திண்டாடுவார்கள். முதல் வருஷம் சிரித்தார்கள். பிறகு அவர் லீவு போட்ட நாளில், "ஹீல்ஸ்காரர் எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம், படகு ஒன்று தாண்டிப் போனதும், பாலத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இத்தனை வருஷத்தில் ஹார்ம் மட்டும் அந்த உடையைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேசியதில்லை. டௌவே எதிரே வந்தால் வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேசுவார்.

"மரியாதைக்குத்தான் செஞ்சேன் மின்கே," என்றார் ஹார்ம். "ஊரே வரப்போகுது. கடைசி நாள்ல யாரும் அவனைப் பாத்துச் சிரிச்சுடக் கூடாதுன்னு."

"சிரிச்சா சிரிக்கட்டும்யா. ஸ்கர்ட்டோட இருபது வருஷம் ரொட்டிக் கடைக்குப் போனவருக்கு, சர்ச்சுக்குப் போகத் தெரியாதா?" மின்கே ஷூவை உற்றுப் பார்த்தாள். இடது மூக்கில் வெள்ளைப் பெயின்ட் ஒரு சொட்டு காய்ந்திருந்தது. ஹார்ம் வீட்டு ஜன்னலுக்கு அடித்த பெயின்ட். "இது உன்னோடதில்ல?"

"வீடு பூரா தேடினோம். அவன்கிட்ட ஆம்பளை ஷூவே இல்ல. எனக்கும் அவனுக்கும் ஒரே அளவு, அதான்."

"அப்ப நீ எதைப் போட்டுக்கிட்டுத் தூக்கப் போறே?"

ஹார்ம் குனிந்து தன் காலைப் பார்த்தார். மின்கேயும் பார்த்தாள். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, வெள்ளைக் கையுறை, கீழே தோட்ட வேலைக்குப் போடும் பச்சை ரப்பர் பூட்ஸ். அவரிடம் இருந்த ஒரே நல்ல ஷூ பெட்டிக்குள் இருந்தது. மின்கேக்குக் கோபத்தில் பாதி போய், அந்த இடத்தில் சிரிப்பு வந்து முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"ஃபென்னா, ஸ்கர்ட்டை எடுத்து மாத்திவிடு. நான் போய் ஹீல்ஸைக் கொண்டு வரேன்."

"மாடியில நாலு ஜோடி இருக்கே."

"அதெல்லாம் வேலைக்குப் போட்டுத் தேஞ்சது. ஒயின் கலர்ல மெல்லிசு ஹீல்ஸ், அதுதான் அவருக்கு உசுரு. குதிகால் முனை மாத்த, செருப்புத் தைக்கற ஸீட்ஸே கடையில குடுத்திருக்கார். திங்கட்கிழமை நானே போய் வாங்கிக்கறேன்னு சொன்னார். இன்னிக்குத் திங்கட்கிழமைதானே?"

"அதைப் போட்டுக்கிட்டுப் பாலம் தாண்ட மாட்டானே," என்றார் ஹார்ம். சொன்ன பிறகுதான், இத்தனை நாள் கவனித்துக்கொண்டிருந்தது வெளியே தெரிந்துவிட்டதே என்று முகம் சிவந்தார். "பலகை இடுக்குல மாட்டும்னு கையில எடுத்துக்கிட்டுப் போவான்."

"இன்னிக்கு அவர் நடக்க வேண்டியதில்லையே. இடுக்குல எங்க மாட்டப் போகுது?"

ஹார்ம் கடிகாரத்தைப் பார்த்தார். "சர்ச் மணி அடிக்க ஆரம்பிச்சா மூடியைப் போட்டாகணும். யாருக்காகவும் நிறுத்த முடியாது. அதுவும் மரியாதைதான்."

"நீ மணியைப் பாத்துக்க. நான் செருப்பைப் பாத்துக்கறேன்."

சைக்கிளை எடுத்தாள். பாலம் தாண்டி, அக்கரைச் சர்ச்சைத் தாண்டி, அடுத்த ஊர் வரைக்கும் எதிர்காற்று. கறுப்புக் கோட்டு இரண்டு பக்கமும் பறந்தது. மாடுகள் வேலி ஓரம் வந்து பார்த்தன. மூன்று நாளாக இரும்பாய்க் கனத்த கால்கள் இப்போது தானாக மிதித்தன. புருஷன் பெட்டியில் கிடக்கும்போது மனசு இப்படித் துள்ளலாமா என்று ஒருமுறை நினைத்தாள். துள்ளினால் துள்ளட்டும், அவருக்காகத்தானே என்று பெடலை இன்னும் அழுத்தினாள்.

கடை பூட்டியிருந்தது. திங்கட்கிழமை காலையில் கடைகள் திறக்காது என்பது அந்தப் பக்கத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். டௌவேக்கு மட்டும் ஆயுசுக்கும் அது மறந்துபோகும்; இன்று அவசரத்தில் மின்கேக்கும். எத்தனை திங்கட்கிழமை வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறார். மின்கே கதவை இரண்டு கையாலும் தட்டினாள். மாடி ஜன்னல் திறந்து, பல்துலக்கும் பிரஷோடு ஸீட்ஸே தலை நீட்டினான்.

"கடை மூடியிருக்கும்மா."

"தெரியுதுய்யா. என் புருஷனை இன்னிக்கு மூடப் போறாங்க. அதுக்குள்ள இறங்கி வா."

வந்தான். வாயைத் துடைக்கவும் இல்லை. இடது ஹீல்ஸ் தயாராக இருந்தது, வலதுக்கு முனை இன்னும் போடவில்லை. பைஜாமாவோடு நின்றபடியே சுத்தியலை எடுத்து அடித்தான், தேய்த்தான், துணியால் பளபளவென்று துடைத்தான்.

"நல்ல முனை போட்டிருக்கேன். இன்னும் ரெண்டு வருஷத்துக்குத் தாங்கும்," என்றான் பழக்கதோஷத்தில். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தாங்கட்டும்," என்றாள் மின்கே.

திரும்பும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. சர்ச் அருகே வந்தபோது கோபுரத்தில் மணிக்கயிறு இழுக்கும் ஆள் ஏறிக்கொண்டிருந்தார். இன்னும் நேரம் இருக்கிறது என்று வளைவில் திரும்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பாலத்துப் பலகை வீட்டுப் பக்கக் கரையில் நிமிர்ந்து சுவர்போல் நின்றது. நடுவே ஒரு பாய்மரப் படகு இஞ்சின் நின்று குறுக்கே சிக்கியிருந்தது. படகிலிருந்த குடும்பமே ஆளுக்கொரு கம்பை ஊன்றி, ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

"ரூர்ட்," என்று கத்தினாள். "பாலத்தை இறக்குங்க."

டௌவேக்குப் பதில் வந்திருந்த கிழவர் ரூர்ட், அந்தக் கரைக் காவல் அறையின் மேடையிலிருந்து கையை விரித்தார். "பாய்மரத்து மேலயா இறக்கச் சொல்றே?"

பின்னால் மணி அடிக்க ஆரம்பித்தது.

மேடைக்கு ஹார்ம் மூச்சிரைக்க ஓடி வந்தார், ரப்பர் பூட்ஸோடு. தண்ணீருக்கு இந்தப் பக்கம் மின்கே, கையில் ஹீல்ஸ். வேறு வழி யாருக்கும் தோன்றாத அந்த நேரத்தில் ரூர்ட் மூலையில் சாத்தியிருந்த தூண்டில் கோலை எடுத்தார். மரச்செருப்பு காற்றில் ஆடி வந்தது. முதல் தடவை எட்டவில்லை. இரண்டாம் தடவை பாய்மரத்தில் இடித்தது. "டௌவேக்குன்னா ஒரே வீச்சுல வரும்," என்று ரூர்ட் தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடியும் வீசினார். மின்கே தாவிப் பிடித்தாள்.

மரச்செருப்புக்குள் ஒன்றுதான் கொண்டது. குதிகால் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு ஹீல்ஸ் தண்ணீருக்கு மேலே போனது. படகுக்காரர்கள் கம்பு தள்ளுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார்கள். கோல் திரும்பி வந்தது. இரண்டாவதும் போனது. ஹார்ம் இரண்டையும் எடுத்து, சுடுசோற்றுப் பானையைப் பிடிப்பவர்போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போட்டு விடுவியாய்யா?" என்று மின்கே கேட்டாள்.

ஹார்ம் வானத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி ஓடினார். பூட்ஸ் தொப்தொப்பென்று கேட்டு, பலகைச் சுவருக்குப் பின்னால் மறைந்தது.

போடுவாரா? ஊர் சிரிக்கும் என்று பயந்து, கோட்டுக்குள் ஒளித்து வைத்துவிடுவாரா? மூடி போட்ட பிறகு திறக்கச் சொல்ல முடியாது. சர்ச்சில் ஜெபம் முடியும்வரை தூக்குகிறவர்களிடம் பேசவும் கூடாது. மின்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு மணியைவிட வேகமாக அடித்தது. கல்யாணத்துக்கு முன் இதே இடத்தில், பாலம் எப்போது இறங்கும் என்று டௌவேக்காகக் காத்து நின்றபோது அடித்ததுபோல அடித்தது.

படகு ஒருவழியாக நழுவி வெளியேறியது. ரூர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு விசையை இழுத்தார். பலகை மெதுவாகச் சாய ஆரம்பித்தது.

அதன் விளிம்புக்கு மேலே முதலில் பெட்டியின் மூடி தெரிந்தது. மூடியாகிவிட்டது. வீட்டுப் பக்கக் கரையில் பெட்டியைத் தூக்குகிறவர்கள் வந்து நின்று காத்திருக்கிறார்கள். ஊரையே இந்தப் பாலத்தில் காக்க வைத்தவர் இன்று தானே சிவப்பு விளக்குக்கு நிற்கிறார். பலகை இன்னும் இறங்கியது. தோள்கள் தெரிந்தன. முன்னால் இடது பக்கம் ஹார்ம், நேராகப் பார்க்கும் முகம். கறுப்புக் கோட்டின் பொத்தான்கள் தெரிந்தன. முழங்கால்கள் தெரிந்தன.

பலகை வந்து உட்கார்ந்தது. தடுப்புக் கம்பி உயர்ந்தது.

அவர்கள் அடியெடுத்து வைத்தார்கள். ஹார்மின் காலில் கறுப்பு ஷூ இருந்தது. இடது மூக்கில் வெள்ளைப் பெயின்ட் ஒரு சொட்டு. கயிறு கட்ட நேரமில்லாமல் இரண்டு பக்கமும் அவிழ்ந்து, பலகை இடுக்குகளின்மேல் இழுபட்டுக்கொண்டு வந்தது.

மின்கே சைக்கிளை ஓரம் சாய்த்துவிட்டு வழிவிட்டு நின்றாள்.