வசந்தனின் இடது கால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் நாயகன் என் கணவர். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. எழுத ஆரம்பித்த பிறகு தகவல் மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டில் பாதிக் காரியங்கள் இப்படித்தான் நடக்கும். அவர் மோட்டார் சைக்கிள் வாங்கியதும் அப்படித்தான்.

கதை பிறந்தது குளியலறைக் கண்ணாடி முன்னால். இடது கையில் மாவுக்கட்டோடு, ஒற்றைக் கையால் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு மோட்டாரோடு சேர்ந்து விழுந்தோமே, அவர் ஏன் முதலில் மோட்டாரைத் தூக்கினார்? என்னை ஏன் தூக்கவில்லை?

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயம். அதனால் கதையாக எழுதுகிறேன். கதை என்றால் அவர் மனதுக்குள் நானே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், கதவைத் தட்ட வேண்டியதில்லை.

பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். "வசந்தன்னு வைம்மா, கேக்க எளசா இருக்கும்," என்றார். ஐம்பத்தெட்டு வயதுக்கு இளசான பெயர் கேட்கிறது. போகட்டும் என்று வைத்தேன். கதையில் எனக்குப் பெயர் ஷாமளா.

2

தொடக்கம் ஒன்று:

"உலு திராமில் காலை மழை ஓய்ந்திருந்தது. வசந்தன் தன் புது மோட்டாரை வாஞ்சையோடு துடைத்துக்கொண்டிருந்தான். அதன் மேனியில் சூரியன் —"

வேண்டாம். மழை ஓய்ந்து சூரியன் வரும் கட்டுரைகளை வருடத்துக்கு நாற்பது திருத்துகிறேன். (தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இது ஒரு தொழில்நோய்.)

தொடக்கம் இரண்டு:

"வசந்தன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், வீட்டு வாசலில் ஒரு குரூஸர் மோட்டார் வந்து நின்றது."

இது தேவலாம். அந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்கு: தோற்றம் பழைய காலத்தது, வண்டி புத்தம் புதியது. உருண்டை முன்விளக்கு, தாழ்வான இருக்கை, அகன்ற கைப்பிடி, சாப்பிட்டுவிட்டுப் படுத்த வயிறு மாதிரி ஒரு பெட்ரோல் டேங்க். காலை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பார்ப்பதற்கு எருமை அளவு தெரிந்தாலும் இருநூற்று ஐம்பது சிசிதான். அவருடைய லைசென்சுக்கு அதுதான் எல்லை.

[எருமை இல்ல. அழகான மோட்டார். மாத்து.]

மன்னிக்கவும். அச்செடுத்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்தது என் தப்பு. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய குறிப்புகளைச் சதுர அடைப்புக்குள் அப்படியே விட்டுவைக்கிறேன். எருமையையும் விட்டுவைக்கிறேன்.

3

வசந்தன் முப்பத்தொரு வருடம் கப்சாயில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவன். கப்சாய் என்றால் ஊரில் வீட்டுக்கு வீடு நிற்குமே, அந்தச் சின்ன மோட்டார்தான். விடிவதற்குள் கிளம்புவான். காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டுக்கொள்வான். சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வே கடல்பாலத்தில் ஆயிரம் மோட்டார்களுக்கு நடுவே ஊர்ந்து அக்கரை சேர்வான். திரும்பி வந்து, சாப்பிட்டு, தொலைக்காட்சிச் செய்தி முடிவதற்குள் தூங்கிவிடுவான். பள்ளி முடிந்து ஷாமளா வீடு வரும்போது அவன் அக்கரையில் இருப்பான். அவன் கிளம்பும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள்.

கப்சாயில் கையால் பிடிக்கிற கிளட்ச் கிடையாது. இடது காலால் மிதித்தால் கியர் ஏறும், மறுபடி மிதித்தால் மறுபடி ஏறும். மிதிப்பது ஒன்றுதான் வேலை. குரூஸரில் அது செல்லாது. முதல் கியருக்கு மட்டும் மிதிக்க வேண்டும். அடுத்ததற்கெல்லாம் கால் விரலால் மேலே தூக்க வேண்டும். வேகத்தில் போகும்போது பழைய நினைப்பில் மிதித்தால் கியர் இறங்கிவிடும், பின் சக்கரம் பிடித்து இழுக்கும்.

இது வசந்தனுக்குத் தெரியும். பாசார் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் இரண்டு வாரம் பழகினான். முனீஸ்வரன் கோயிலில் வண்டிக்குப் பூசை போட்ட அன்று எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றச் சொன்னார்கள். கிளட்சைச் சட்டென்று விட்டான். மோட்டார் ஒரு குதி குதித்துப் பூசாரியின் காலடியில் போய் நின்றது.

"அண்ணே, பழத்த நசுக்கச் சொன்னா என்னைய நசுக்கப் பாக்குறீங்களே!" என்றார் பூசாரி.

எல்லோரும் சிரித்தார்கள். வசந்தனும் சிரித்தான். ஐம்பத்தெட்டு வயதில் இந்த ஆசை அவனுக்குத் தேவைதானா என்று ஷாமளா நினைத்தாள். தன் ஒருவன் ஆசைக்காகவே அவன் அந்த வண்டியை —

[தப்பு. கடையில மொதல்ல பின் சீட்டுலதான் உக்காந்து பாத்தேன். அரை மணி நேரம். கடைக்காரரு சிரிச்சாரு.]

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறேன்.

4

இனி விழுந்த கதை.

ஷாமளா பெக்கோக்கில் பிறந்தவள். கல்யாணம் பேசி முடித்த புதிதில், பெக்கோக் அருவிக்கு மோட்டாரில் கூட்டிப்போகிறேன் என்று வசந்தன் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தான். அவள் மறந்துவிட்டாள். அவன் மறக்கவில்லை போலிருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் காலை, "ஏறு, பெக்கோக் போயிட்டு வரலாம்," என்றான். அவளும் ஏறினாள்.

வழியில் குளுவாங், யோங் பெங், சாஆ. சாஆவில் தேநீர் குடித்தார்கள். பெக்கோக் சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். முன்னால் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று ஆடி ஆடிப் போனது. எதிரே வாகனம் இல்லை. முந்தலாம் என்று வசந்தன் நினைத்தான். முறுக்கினான். அடுத்த கியர் போட வேண்டும். இரண்டு மணி நேரமாக ஒழுங்காகத் தூக்கிக்கொண்டு வந்த இடது கால், அவசரம் என்றதும் முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் மிதித்தது.

பின் சக்கரம் கத்தியது. மோட்டார் பக்கவாட்டில் வழுக்கி ஓரத்துப் புல்லில் சாய்ந்தது. லோரி நிற்காமல் போய்விட்டது. ஷாமளா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தாள். வசந்தன் எழுந்தான். மோட்டாரைத் தூக்கினான். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். அதற்குப் பிறகுதான் திரும்பினான்.

இங்கேதான் எனக்குப் பேனா நகரவில்லை. முதலில் மோட்டாரைத் தூக்கினான், ஏனென்றால்

புது மோட்டார், கீறல் விழுந்துவிட்டதோ என்று பதறினான். (என் மனம் சரியில்லாத நாட்களில் இதுதான் உண்மை.)

ஏனென்றால், அவளுக்கு என்ன ஆகியிருக்குமோ என்று திரும்பிப் பார்க்கவே பயந்தான். (பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும். எனக்கும்தான். ஆனால் அப்படிப் பயப்படுகிற ஆள் நிதானமாக ஸ்டாண்டு போடுவானா?)

ஏனென்றால் அவன் —

விட்டுவிட்டேன். தாளை மேசையில் வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

5

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதத்தான் வேண்டும், எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

ஷாமளா மறுபடி அந்த மோட்டாரில் ஏறவில்லை. சண்டை எதுவும் இல்லை. "கை வலிக்குதுங்க," என்பாள். கட்டுப் பிரித்த பிறகும் வலித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தனியாகக் கொஞ்ச தூரம் போய் வந்தான். இப்போதும் ஜாக்கெட் முன்பின்தான். கால் ஒழுங்காகப் பழகிவிட்டது.

அவள் வேறொன்று செய்தாள். விழுந்த கதையை எல்லோரிடமும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். கை எப்படி உடைந்தது என்று கேட்டவர்களிடம், "எனக்கு உடைஞ்சுச்சு, அவரு மோட்டாரத்தான் மொதல்ல தூக்குனாரு!" என்பாள். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குளுவாங்கில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி முழுக்கச் சிரித்தது. வசந்தனும் அங்கே உட்கார்ந்து சிரித்தான். சாம்பார் ஊற்ற வந்தவரிடம் போதும் என்று கை காட்டிவிட்டு, இலையை மூடினான். அப்போது பாயசம்கூட வந்திருக்கவில்லை.

இதை எழுதும்போது ஷாமளாவை எனக்குப் பிடிக்கவில்லை.

போன திங்கட்கிழமை அவன் மோட்டாரைப் படம் பிடித்து விற்பனைக்குப் போட்டான். கூலாயிலிருந்து ஒருவர் சனிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"விக்கப் போறீங்களா?" என்றாள் ஷாமளா.

"ஆமா லா. நமக்குக் கப்சாய் போதும். இது நமக்கு ஒத்து வரல."

நமக்கு என்றான். எனக்கு என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

6

நேற்று தாள்களை எடுத்துப் பார்த்தேன். நான்காம் பகுதியில், நான் முடிக்காமல் விட்ட வரிக்குப் பக்கத்து ஓரம் முழுக்கப் பென்சில். ஓரம் போதாமல் பின்பக்கத்துக்கும் போயிருந்தது. எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினேன். ஆசிரியைக் கை சும்மா இருக்காது.

[காஸ்வேயில விழுந்தா மொதல்ல மோட்டாரத்தான் தூக்கணும். பின்னால அத்தன பேரு வருவான். தூக்கி ஓரம் கட்டலன்னா ஏத்திட்டுப் போயிருவான். நான் ஏழு தடவ விழுந்திருக்கேன். ஒனக்கு ரெண்டுதான் தெரியும். எல்லாத் தடவையும் கீழ விழுந்த ஒடனே கை தானா மோட்டாருக்குப் போகும். அன்னைக்கும் போச்சு. ஸ்டாண்டு போட்டுட்டு ரோட்டப் பாத்தேன். பின்னால ஒரு மோட்டாரும் வரல. அப்பதான் நீ இருக்கேன்னே ஞாபகம் வந்துச்சு. பின்னால ஆள் இருந்து எனக்குப் பழக்கமில்லம்மா.]

இரண்டு தடவை படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. ஏழு என்ற எண்ணின் மேல்தான் கோபம். கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"ஏழு தடவையா?"

"சின்னச் சின்னதுதான் லா."

"ஏன் சொல்லல?"

யோசித்தார். குற்றம் சாட்டும் தொனி இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"எப்ப சொல்றது? நான் வர்றப்ப நீ புள்ளைங்க நோட்டுல இருப்பே. நீ நிமிந்து பாக்குறப்ப நான் தூங்கிருவேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் நாளிதழை மடித்து வைத்தார், மறுபடி விரித்தார். கையை என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து போய் விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

ஆக, நான் கற்பனை செய்த காரணம் எதுவும் இல்லை. அவர் என்னைவிட மோட்டாரை நேசிக்கவும் இல்லை, என்னைப் பார்க்கப் பயப்படவும் இல்லை. நான் அங்கே இருப்பது அவர் உடம்புக்குத் தெரியவில்லை. இது எவ்வளவு மோசமான காரணம் என்றும் தெரிகிறது, இதில் எனக்கும் பங்கு உண்டு என்றும் தெரிகிறது.

7

இன்று சனிக்கிழமை. மணி ஒன்பதே முக்கால். மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே அவர் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று ராத்திரியே முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

ஷாமளா ஓடி வந்து "விக்காதீங்க" என்கிறாள். இருவரும் பெக்கோக் அருவிக்குப் போகிறார்கள். (ஞாயிறு இதழில் படத்தோடு போடுவார்கள்.)

மோட்டார் விற்றுப்போகிறது. சாயங்காலம் இருவரும் தொலைக்காட்சிச் செய்தி பார்க்கிறார்கள். இந்தத் தடவை அவன் தூங்கவில்லை. (இதை அடித்துவிடப் பார்த்தேன், மனம் வரவில்லை.)

ஷாமளாவே லைசென்ஸ் எடுத்து மோட்டார் ஓட்டுகிறாள். அவன் பின்னால் உட்காருகிறான். [இது நல்லா இருக்கு. மொதல்ல சைக்கிள் ஓட்டப் பழகு.]

எல்லாமே வெளியிலிருந்து எழுதியவை. இத்தனை பக்கமும் வசந்தன் மனதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தவள், ஷாமளாவின் மனதுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது என் மனதுதான். யார் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

போய்ப் பார்த்தேன். உள்ளே பயம் இருக்கிறது. லோரிச் சத்தம் கேட்டால் இன்னும் மணிக்கட்டு சுருக்கென்கிறது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு வீட்டிலிருந்து அந்த லோரி வரைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தேன். காற்றில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. அவர் ஏதோ கத்தினார், நான் எதற்கோ சிரித்தேன். இருவரும் சேர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் விழித்திருந்தது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கை உடைந்த கதையைப் பந்தி பந்தியாகச் சொன்னவள், இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. இறங்கியவர் மோட்டாரைச் சுற்றி வருகிறார், குனிந்து பார்க்கிறார், மலாயில் ஏதோ கேட்கிறார். என் கணவர் தலையாட்டிவிட்டு மாடியை நிமிர்ந்து பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

"ம்மா, மோட்டார் கிரான் எங்க வெச்சே? கொஞ்சம் எடுத்துட்டு வா."

கிரான் என்பது வண்டியின் பதிவுப் பத்திரம். அது இல்லாமல் கைமாற்ற முடியாது. இந்த மேசையின் இழுப்பறையில்தான் இருக்கிறது, என் முழங்காலுக்கு நேராக.

"ஷாமளா இழுப்பறையைத் திறந்தாள். பிறகு அவள்"

வாசகரே, இதற்கு மேல் எழுதிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் கீழே நடக்க வேண்டியது நான் இல்லாமலே நடந்து முடிந்துவிடும். வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டாம் தடவையாகக் கூப்பிடுகிறார். நான் போகிறேன்.