வருஷத்துக்கு ஒரே தரம்

மூன்றாம் நாளும் கோவில் சாமியார் நன்மை அப்பத்தோடு படியேறி வந்தபோது, பாயில் கிடந்த சூசைமுத்து முகத்தைச் சுளித்தார்.

“முந்தாநாள் வாங்குனது ஒரு வருஷம் தாங்கும் சாமி.”

சவரியாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் சாகக் கிடக்கிறான், இவள் சிரிக்கிறாளே என்று நாத்தனார் தங்கமணி முறைத்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயக் குடியிருப்பில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர் சூசைமுத்து. வருஷத்தில் உயிர்ப்புத் திருநாளான பாஸ்குவுக்கு ஒரே தரம் நன்மை வாங்கலாம், அதற்கும் நாற்பது நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கவேண்டும். அது அவர் பாட்டன் காலத்துச் சட்டம். தினமும் வாங்கலாம் என்று ரோமாபுரியிலிருந்து பாப்பரசர் உத்தரவு வந்து ஏழு வருஷமாகியும் மனுஷன் அசையவில்லை. “சர்வேசுரன் என்ன பாசார்ல விக்கிற பண்டமா?” என்பார். சவரியாயிக்கோ கொள்ளை ஆசை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அவர் சம்மதமில்லாமல் போகவும் மனசு வரவில்லை.

“உசிர் இருக்கிற மட்டும் தினமும் வருவேன்,” என்றார் சாமியார்.

“அப்ப சீக்கிரமே போயிடுறேன் சாமி,” என்றுவிட்டு சூசைமுத்து வாயைத் திறந்தார்.

வாங்கிய பின் வெகுநேரம் கண்ணை மூடிக் கிடந்தார். பிறகு மெதுவாக, “நல்லாத்தான் இருக்கு. இவளுக்கும் குடுங்க சாமி,” என்றார்.

“நான் காப்பி குடிச்சிட்டேனே,” என்றாள் சவரியாயி. நன்மை வாங்குவதென்றால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. அவளுக்கு அழுகையே வந்தது.

“அவசரக்காரி. நாளைக்கு வாங்கிக்க.”

மத்தியானம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை, அடக்கப் பூசைக்குப் புறப்படுமுன் தங்கமணி காப்பியோடு வந்தாள்.

“ரெண்டு மொடக்கு குடிங்க அண்ணி.”

“வேணாம்.”

“நீங்க பட்டினி கெடந்தா அண்ணன் திரும்பியா வரப்போறாரு?”

சவரியாயி காப்பியைத் தள்ளி வைத்தாள். எவ்வளவு துக்கம் பாரு என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். துக்கம் இல்லாமலா? நெஞ்சு கொள்ளாமல் இருந்தது. பசியும் இருந்தது.

கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் பெட்டி. நன்மை கொடுக்கும் நேரம் வந்ததும் சவரியாயி எழுந்தாள். தங்கமணி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணி, பாஸ்கு போயி ரெண்டு மாசந்தானே ஆச்சு?”

“உங்கண்ணன் சொல்லிட்டாரு.”

பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியில் ஒருவரும் இல்லை. எங்கு வேண்டுமானாலும் முழந்தாளிடலாம். அவள் நடுவே போய், பெட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டாள். கலியாணத்தன்றைக்குப் பிறகு கோவிலில் இருவரும் இவ்வளவு அருகில் இருந்ததே இல்லை.

சாமியார் வருவதற்குள் முக்காட்டைச் சரிசெய்தாள். பெட்டியின் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.