முதல் சனிக்கிழமை, நண்பகல்

லெஷ்னிக் ஊரில் யார் மானம் போனாலும் போகட்டும், தீயணைப்புப் படைத் தலைவரின் மானம் மட்டும் போகக் கூடாது. லுத்விக் அப்படித்தான் நினைத்தார். நினைத்ததோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒரு கேடும் வந்திருக்காது.

வியாழக்கிழமை சாயங்காலம் தொழுவத்துக்கு மேலே இருந்த பரணுக்கு, மாட்டுக்குப் புல் எடுக்க ஏறினார். கருகிய சர்க்கரைப் பாகு வாசனை அடித்தது. வேறு யாராக இருந்தாலும் பக்கத்து வீட்டில் பழப்பாகு காய்ச்சுகிறார்கள் என்று இறங்கி வந்திருப்பான். லுத்விக் இறங்காமல் போருக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஈரம் போகாத புல்லைப் போராக அடுக்கினால் அது உள்ளுக்குள்ளே புழுங்கி, வெந்து, மூன்றாவது நாலாவது வாரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். வருஷா வருஷம் ஜூன் மாதம் ஊரைக் கூட்டி வைத்து இதைப் பாடம் நடத்துகிறவரே அவர்தான். போன வருஷம் ஒரு கிழவரின் பரணில் போர் சூடேறியபோது, "புல்லு காஞ்சிருக்கா இல்லையான்னு கைக்குத் தெரியாதா, அதுக்கும் படை வரணுமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டவரும் அவர்தான்.

இந்த வருஷம் நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், படையின் திருவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாத்தியக்காரர்கள், ஆயிரம் கோழித்துண்டு, சீட்டுக் குலுக்கல், எல்லாம் அவர் தலையில். வயலில் அறுத்துப் போட்ட புல் இன்னும் ஒரு நாள் காய வேண்டும். மேற்கே மேகம் கட்டியது. திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலமே அள்ளிப் பரணில் ஏற்றிவிட்டார். ஊருக்கு உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்!

வாசனை அடித்த அந்த வியாழக்கிழமை, இருட்டினதும் படைக் கொட்டகைக்குப் போய், போரில் குத்திச் சூடு பார்க்கும் நீளக் கம்பியைக் கோட்டுக்குள் மறைத்து எடுத்து வந்தார். அறுபத்திரண்டு டிகிரி காட்டியது. வெள்ளிக்கிழமை எழுபத்தொன்று. எழுபதைத் தாண்டினால் படையைக் கூப்பிட வேண்டும், தண்ணீர்க் குழாய் தயாராகாமல் போரைக் கலைக்கக் கூடாது என்று கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அது அவர் கையெழுத்து.

சனிக்கிழமை காலை எழுபத்தெட்டு. காற்றே இல்லை. பசுக்கள் தீனியில் வாய் வைக்காமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றன. அவர் மனைவி சில்வா கம்பியைக் கையில் வாங்கி ஒரு தடவை பார்த்தாள்.

"படைச் சங்கை ஊதச் சொல்லு, லுத்விக். இப்பவே."

"ஊதினா ஊரே வந்து வாசல்ல நிக்கும். எதுக்கு வந்தோம்னு கேப்பான். ஈரப் புல்லுன்னு நான் சொல்லணுமா?"

"சொன்னா என்ன, நாக்கு அழுகிடுமா?"

அவர் கம்பியை வாங்கி மூலையில் சாய்த்தார். பசுக்களை வெளியே ஓட்டிக் கட்டினார். மகன் உர்பானும் அவருமாகப் போரை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துக் கீழே தள்ளிவிடுவது, மத்தியானத்துக்குள் யாருக்கும் தெரியாமல் முடித்துவிடுவது என்பது அவர் திட்டம். உர்பானுக்கு இருபத்தாறு வயது. நல்ல ஆகிருதி. படையில் குழாய் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அப்பா சொன்னால் மறுபேச்சு கிடையாது. அன்றைக்காவது மறுத்துப் பேசியிருக்கலாம்.

அன்று மாதத்தின் முதல் சனிக்கிழமை. நாடு முழுக்க அன்று நண்பகல் பன்னிரண்டுக்குப் படைக் கொட்டகைகளின் மின்சாரச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள். ஒரே சீராக அரை நிமிஷம் ஊதினால் சோதனை, மூன்று முறை ஏறி இறங்கினால் தீ. லெஷ்னிக்கில் சம்பளம் வாங்கும் தீயணைப்பாளர் ஒருவரும் கிடையாது. கொத்தனார், கோயில் மணியடிப்பவர், பள்ளிக்கூடச் சமையல்காரி எல்லாரும் சங்குச் சத்தம் கேட்டுத்தான் ஓடி வர வேண்டும். கைபேசி வராத காலம்.

இதில் லுத்விக் வேடிக்கையாக ஒரு வழக்கம் வைத்திருந்தார். சோதனைச் சங்குக்கு யாராவது தீ என்று ஓடி வந்தால் அவன் படைக்கு ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். முதலில் மாட்டியவன் போல்தே. வெளியூர்க்காரன், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன், தபால் வண்டி ஓட்டுகிறான். படையில் சேர்ந்த முதல் மாதமே, சாப்பாட்டிலிருந்து எழுந்து காலணியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடி வந்து நின்றான். ஊர் சிரித்த சிரிப்பு ஒரு வாரம் ஓயவில்லை. இந்த ஏப்ரல் சோதனையின்போது பொத்தான் சிக்கிக்கொண்டு சங்கு ஐந்து நிமிஷம் ஏறி இறங்கி ஓலமிட்டது. ஓடி வந்த ஆறு பேரிடமும் லுத்விக் வாசலில் நின்று தலா ஒரு பெட்டி வசூலித்தார். அதற்குப் பிறகு முதல் சனிக்கிழமை நண்பகலில் சங்கு எப்படி ஊதினாலும் லெஷ்னிக்கில் யாரும் கரண்டியைக் கீழே வைப்பதில்லை.

பொத்தானை அழுத்துவது லுத்விக்கின் வேலை. அன்றைக்கு சில்வாவை அனுப்பினார். "அரை நிமிஷம் அழுத்திட்டு வந்துடு. வேற எதுவும் செய்யாதே" என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்தாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது உர்பான், மேலே பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, போரின் நடுவில் நின்று வாரிக்கொண்டிருந்தான். புல் பழுப்பாக, அப்புறம் கறுப்பாக வந்தது. "அப்பா, காலெல்லாம் சுடுது" என்றான். லுத்விக் பலகையில் குப்புறப் படுத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். இன்னும் நாலு வாரு, அப்புறம் வா என்றார். இரண்டாவது வாரலிலேயே பலகையின் முனை அமிழ்ந்தது. உள்ளே வெந்து பொந்தாகியிருந்த போர் வாயைத் திறந்து, உர்பானை மார்பு வரை விழுங்கியது. பொந்துக்குள் காற்று போனதும் உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு போலச் சத்தம் வந்தது. அதன் பின்னால் புகை.

மகன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "இழுங்கப்பா" என்றான். இழுத்தார். தொண்ணூறு கிலோ ஆள், புல் இறுக்கிப் பிடித்திருந்தது, ஒரு சாண் கூட நகரவில்லை. கயிற்றை விட்டால் இன்னும் உள்ளே போவான். தண்ணீர் கீழே முற்றத்தில். கையை எடுக்க வழியில்லை.

அப்போது சங்கு ஊதியது.

ஒரே சீராக, அரை நிமிஷம். நின்றுவிட்டது. அதைத் தொடர்ந்து கோயிலில் மத்தியான மணி. லுத்விக் கத்தியது மணியோசையில் கரைந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டு சூப்பை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அவருக்கு அது கண்ணில் தெரிந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது.

மணி ஓய்ந்ததும் சங்கு மறுபடி எழுந்தது. ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. சில்வா கொட்டகை வாசலிலிருந்து தன் வீட்டுக் கூரையில் புகையைப் பார்த்துவிட்டாள். மூன்று முறை முடிந்தது. மீண்டும் மூன்று. வேறு எந்த நாளாக இருந்தாலும் நாலு நிமிஷத்தில் இருபது பேர் வந்திருப்பார்கள். லுத்விக்குக்குத் தெரியும், இப்போது ஒருத்தனும் வர மாட்டான். பொத்தான் மறுபடி சிக்கிக்கொண்டது என்று சிரிப்பார்கள். சிரிக்கக் கற்றுக்கொடுத்தது தான்தானே. கடவுளே, ஒரே ஒரு முட்டாளை அனுப்பு என்று வேண்டிக்கொண்டார்.

"அப்பா, கால் இப்ப சுடல" என்றான் உர்பான். அதைக் கேட்டுத்தான் அவர் அழ ஆரம்பித்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முற்றத்தில் தீயணைப்பு லாரி முட்டி நின்றது. ஏணியில் போல்தே ஏறி வந்தான். பலகையில் பக்கத்தில் படுத்துக் கயிற்றைப் பிடித்தான். அவனோடு லாரியில் வந்த சில்வா கீழேயிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாள். இரண்டு பேரும் இழுத்ததில் உர்பான் பிடுங்கின கிழங்கு போல வெளியே வந்தான். அவனை ஏணி வழியாக இறக்கவும் பரண் முழுக்கத் தீப்பிடிக்கவும் சரியாக இருந்தது.

கரும்புகை கோபுரத்துக்கு மேலே போன பிறகுதான் ஊர் வந்தது. துணைத்தலைவர் கழுத்தில் சாப்பாட்டுத் துண்டோடு வந்து நின்றார். அடுத்த ஊர்ப் படையும் வந்தது. கூரை விழுந்து முடிந்து, உர்பானை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றி அனுப்பியபின், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

லாரியின் முன் இருக்கையில் ஒரு பெட்டி பீர் இருந்தது. துணைத்தலைவர்தான் அதைப் பார்த்து, இது எப்படி இங்கே வந்தது என்றார். போல்தே தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒருவேளை சோதனையா இருந்தா... மறுபடி சிரிப்பீங்களேன்னு எடுத்துட்டு வந்தேன். கடையில கொஞ்சம் நேரமாயிடுச்சு."

லுத்விக் எழுந்து நின்றார். கை இரண்டும் ரத்தம். ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"வியாழக்கிழமை அறுபத்திரண்டு. நேத்து எழுபத்தொண்ணு. காலையில எழுபத்தெட்டு. எல்லாம் எனக்குத் தெரியும். ஈரப் புல்லு, நான்தான் ஏத்தினேன். வெக்கப்பட்டுக்கிட்டு உங்களைக் கூப்பிடல."

உர்பான் பிழைத்துக்கொண்டான். பாதங்கள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக்குக் கொண்டு வந்து ஜன்னலோரம் படுக்க வைத்தார்கள். தலைவர் பதவி துணைத்தலைவருக்குப் போயிற்று, பொத்தான் சில்வாவுக்கு.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, நண்பகல். மகனுக்கு லுத்விக் சூப் பரிமாறிக்கொண்டிருந்தார். சங்கு ஊதியது. ஒரே சீராக, அரை நிமிஷம். அவர் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து, கதவருகே இருந்த காலணியை மாட்டினார். தயாராக வைத்திருந்த பீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"அப்பா, இது சோதனை" என்றான் உர்பான்.

"தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினார்.