கொம்பு சைக்கிளுக்கு அளவு ஜாக்கெட்

சைக்கிள் ஓட்டினால் மலர்விழிக்கு மரத்துப்போவது இரண்டே விரல்கள்தான். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும். மற்ற மூன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. வேறு யாராவது என்றால் தைலத்தைத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அவளுக்கோ இந்த இரண்டு மட்டும் ஏன் என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை.

அவள் பார்க்கிற வேலை அப்படி. நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாள். மக்காச்சோளத்தில் எவ்வளவு ஈரம், புண்ணாக்கில் எவ்வளவு மணல் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மூட்டைமேல் அச்சடித்திருப்பதை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பத்தொன்பது வருடமாகக் கேள்வி கேட்காமல் நம்பியிருந்தாள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சைக்கிள் அவள் கணவன் அன்பழகனுக்காக வாங்கியது. லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் அவனுக்கு வயரிங் வேலை. சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் மிரட்டியதும், சிநேகிதன் ஒருவனிடமிருந்து முன்னால் வளைந்து இறங்கும் ஹேண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிளை வாங்கி வந்தான். தெருவில் அதற்குக் கொம்பு சைக்கிள் என்று பெயர் விழுந்தது. ஒரு வாரம் ஓட்டினான், இடுப்பு பிடித்துக்கொண்டது, சுவரில் சாத்தினான். உயரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்று. ஒரு நாள் சும்மா ஏறிப் பார்த்த மலர்விழி அப்புறம் இறங்கவேயில்லை. விடிகாலையில் சேந்தமங்கலம் சாலையில் கொல்லிமலையைப் பார்த்தபடி போய்வருவாள். நாள் முழுக்க யாராவது ஒருவருக்காக ஓடுகிறவளுக்கு அந்த நேரம் மட்டும்தான் சொந்தம். அதை அவள் யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.

அப்படிப் போன ஒரு காலையில் சேந்தமங்கலம் முக்கில் பஸ் திரும்பியது. பிரேக்கைப் பிடித்தால் கை மூடவில்லை. பக்கத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் போய் விழுந்தாள். அடியொன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள், அதுதான் தப்பாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே அன்பழகன் ஓமலூரில் இருக்கும் அக்கா வெண்ணிலாவுக்குப் போன் போட்டுவிட்டான். அக்காளின் மகன் தனுஷ் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனுக்கு அந்தச் சைக்கிள்மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

“ஏனுங்க, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா நீ குடுப்பியா?” என்றான் அவன். “மணலுக்குப் பதுலு பஸ்ஸா இருந்திருந்தா? கை மரத்துப்போறது நின்னுதுன்னா நீயே வெச்சுக்க. இல்லீன்னா ஞாயித்துக்கெழம அக்கா வண்டியோட வருது, குடுத்துரு.”

கோபம் வந்தது. ஆனால் அவன் பயந்து போயிருக்கிறான் என்பதும் தெரிந்தது. அதனால் சண்டையை ஒத்திவைத்துவிட்டு விரலைக் கவனிக்க ஆரம்பித்தாள். கையுறை மாட்டிப் பார்த்தாள், மரத்தது. சீட்டை இறக்கினாள், அப்போதும் மரத்தது. கொம்பை விட்டுவிட்டு ஹேண்டிலின் நேரான நடுக்கம்பியைப் பிடித்து ஓட்டிப் பார்த்தாள். கைகள் நெருங்கி வந்தன, விரல்களில் உணர்வு இருந்தது! ஆனால் நடுக்கம்பியில் பிரேக் இல்லையே. சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கந்தனுக்குப் போன் செய்து கேட்டாள்.

“ஹேண்டில் உங்களுக்கு அகலமுங்க” என்றார் கந்தன். “கைய விரிச்சுப் புடிச்சா ஒடம்போட பாரம் பூரா உள்ளங்கை ஓரத்துல எறங்கும். சுண்டுவெரலுக்குப் போற நரம்பு அங்கதான் இருக்குதுங்க. தோள் அளவு கொண்டாங்க. இந்த எலும்பு முனையில இருந்து அந்த எலும்பு முனை வரைக்கும்.”

தோள் அளவா? அது பீரோவில் இருக்கிறதே! எல்லா வீட்டுப் பெண்களையும் போல மலர்விழியிடமும் ஒரு அளவு ஜாக்கெட் இருந்தது. புதுத்துணி தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் அதையும் கூடவே கொடுத்தால் போதும், டெய்லர் முத்தாயம்மாள் டேப்பைத் தொடவே மாட்டார். மயில்கழுத்து நிறம். கல்யாணத்துக்குத் தைத்த துணிகளோடு சேர்ந்து வந்தது. அதற்குப் பொருத்தமான புடவை அவளிடம் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று அவள் யோசித்ததும் இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, சேலம் போகிற தீவன வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனாள். ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்ததும் கந்தனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு நிம்மதி. பெண்பிள்ளையின் தோளில் டேப் வைப்பதெப்படி என்று அவரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணாடி மேசைமேல் அதை விரித்து அளந்தார்.

“இப்ப வண்டியில இருக்கற ஹேண்டில் நாப்பத்திநாலு சென்டிமீட்டருங்க. உங்களுக்கு நாப்பத்திரண்டு போதும். நல்ல அகலமான தோளுங்க உங்களுக்கு.”

மலர்விழி நிமிர்ந்தாள். அகலமான தோளா? பத்தொன்பது வருடமாக அவள் கேட்டதெல்லாம் வேறு. ‘உனக்குத் தோள் சரிவு, எந்த ஜாக்கெட்டும் நிக்காது.’ முத்தாயம்மாள் சொன்னார், மாமியார் சொன்னார், கல்யாண வீடுகளில் பின்குத்திவிட்ட ஒவ்வொருத்தியும் சொன்னாள். குனிந்தால் நழுவும், கை தூக்கினால் நழுவும். தன் உடம்பு வாகு அப்படி என்று எண்ணி, தோளுக்கு ஒன்றாகப் பின் குத்திக்கொண்டே காலம் போய்விட்டது. இப்போது இவர் அகலம் என்கிறார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

“அந்த நாப்பத்திரண்டு ஹேண்டிலக் குடுங்க” என்று வாங்கி, முதுகுப்பக்கம் தோளோடு ஒட்டிப் பிடித்துக் கடைக் கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு பக்கமும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. “பென்சில் இருக்குதுங்களா?” சுவரில் முதுகைச் சாத்தி நின்றாள். வலது கையால் இடது தோள் எலும்பின் முனையிலும், இடது கையால் வலது முனையிலும் கோடு போட்டாள். விலகி நின்று, கந்தனின் டேப்பை வாங்கி அளந்தாள். முப்பத்தாறு. நம்பாமல் மறுபடி கோடு போட்டு அளந்தாள். மறுபடியும் முப்பத்தாறு.

கந்தன் சுவரைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார். “அப்ப இது யாரு ஜாக்கெட்டுங்க?”

அவளுக்கு மார்புக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. தோளில் ஒரு கோளாறும் இல்லை. யாரோ ஒருத்தியின் அளவில் தைத்ததைப் போட்டுக்கொண்டு, நிற்கவில்லையே என்று தன் உடம்பை நொந்துகொண்டிருந்திருக்கிறாள். முட்டாள்தனம்தான். சிரிப்பு வந்தது, கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் வந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போட்டிக்காக வரவழைத்து விற்காமல் கிடந்த முப்பத்தாறு ஒன்றைக் கந்தன் பரணிலிருந்து இறக்கினார். அதன் வளைவும் முன்னால் ரொம்ப நீளாமல் அடக்கமாக இருந்தது. மாட்டியதும் புதுச்சிக்கல். பழைய அகலத்துக்கு விட்டிருந்த பிரேக், கியர் கேபிள்கள் நான்கும் இப்போது மிஞ்சிப்போய், முன்னால் இடியாப்பம் மாதிரி சுருண்டு தொங்கின.

“வெட்டிரட்டுங்களா?”

“வேண்டாங்க. ஓட்டிப் பாத்துக்கறேன்.”

“அதுவும் செரிதான். வெட்டிட்டா நீட்ட முடியாதுங்க” என்று தொங்கிய கேபிள்களை ஒட்டும் டேப்பால் சுற்றிக் கட்டிக் கொடுத்தார் கந்தன்.

சனிக்கிழமை விடிகாலையில் சேந்தமங்கலம் சாலையில் ஏறினாள். வழி நெடுக விரலையே நினைத்துக்கொண்டு போனவள், மலை தெரிந்ததும் விரலை மறந்துவிட்டாள். முக்கு வந்தது, பஸ்ஸும் வந்தது. பிரேக்கைப் பிடித்தாள், வண்டி நின்றது. அப்போதுதான் ஞாபகம் வந்து கையை மடக்கி விரித்துப் பார்த்தாள். ஐந்து விரலும் இருந்தன. நடுரோட்டில் நின்று கையைப் பார்த்துச் சிரிக்கிறவளைப் பார்த்துக் கண்டக்டர் விசிலை ஊத மறந்தார்.

விரல் மரக்கவில்லை என்று கேட்டு, அன்று மாலை அன்பழகன் பட்டறையிலிருந்து கட்டர் கொண்டுவந்தான். மலர்விழி முதலில் கேபிளுக்குப் பதிலாகச் சணலை ஓடவிட்டு ஒவ்வொன்றுக்கும் நீளமும் வழியும் பார்த்தாள். ஹேண்டிலை இந்தக் கோடிக்குத் திருப்பினால் ஒரு சணல் இழுத்தது, அந்தக் கோடிக்குத் திருப்பினால் இன்னொன்று. வலது கை கேபிளை வலப்பக்கமாகவே விட்டால் மடங்கியது. ஹேண்டிலின் முன்பக்கமாகச் சுற்றி இடப்பக்கம் கொண்டுபோனால் மடங்காமல் வளைந்தது. பக்கத்து வழி அடைத்துக்கொள்ள, சுற்றுவழி ஏன் சுலபமாகிறது என்று அதையே மூன்றாம் முறையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு சாண் எச்சா உடு புள்ள” என்றான் அன்பழகன். “லாரியில நாங்க எப்பவுமே எச்சா உட்டுத்தான் கட்டுவோம். நாளைக்கு ஆருக்காச்சும் மாத்தோணும்னா ஆகும்.”

“ஆருக்குங்க மாத்தோணும்?”

அவன் கட்டரை நீட்டினான். “அக்காகிட்ட நீயேதான் சொல்லோணும்” என்றான். அவள் ஹேண்டில் இரு பக்கமும் தாராளமாகத் திரும்பும் அளவு விட்டு, மிச்சத்தைக் கணக்காக வெட்டினாள். வெட்டுவாயைக் குத்தூசியால் விரித்து, மூடி போட்டு, கேபிள்களைக் கம்பியோடு ஒட்டவைத்துத் துணிநாடாவைச் சுற்றி முடித்தாள். முன்னால் தொங்கியதெல்லாம் அடங்கி, வண்டி தலைசீவிப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெண்ணிலா குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினாள். புருஷனின் அக்காளை அந்தப் பக்கம் நங்கையா என்பார்கள். நல்ல ஆகிருதி, அதற்கேற்ற குரல்.

“நங்கையா, சைக்கிள் நான் தர்றதா இல்லீங்க. கேபிளையும் என் அளவுக்கு வெட்டிப்போட்டேன்” என்றாள் மலர்விழி, தண்ணீர்ச் செம்பைக் கொடுத்த கையோடு.

“வாடகைக்கு வண்டி புடிச்சுட்டு வந்து நிக்கறேன், இப்பச் சொல்றியா?” வெண்ணிலாவின் முகம் சிவந்தது. “உம் புருசன் வாக்குக் குடுத்தானே! இரு, நான் தனுசுக்கு என்ன பதுலு...” என்றவள் பாதியில் நின்றாள். அவள் கண் நாற்காலியில் கிடந்த மயில்கழுத்து நிறத்தின்மேல் இருந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய் அதை எடுத்தாள். உள்பக்கத் தையலைப் புரட்டிப் பார்த்தாள்.

“இது என்ற ஜாக்கெட்டல்லோ!”

அன்பழகன் மெதுவாக வாசல் பக்கம் நகரப் பார்த்தான்.

“உங்க கல்யாணத்துக்குன்னு மயில்கழுத்துப் பட்டெடுத்துத் தெச்சு வெச்சிருந்தேன். அன்னிக்குத் தேடாத எடமில்ல. கடேசியில செவப்பு ஜாக்கெட்டப் போட்டுட்டு நின்னேன். போட்டோவுல பாத்திருப்பியே? பொண்ணூட்டுக்காரங்க ஆரோ எடுத்துட்டாங்கன்னு மனசுக்குள்ள எத்தன வஞ்சிருக்கறேன்!”

மலர்விழிக்கு விளங்கிவிட்டது. “அத்தைதானுங்க குடுத்திருப்பாங்க. பொண்ணும் என்ற மகளும் ஒரே ஒசரம், இதவே வெச்சுத் தெச்சுருன்னு டெய்லர்கிட்ட. அது துணிங்களோட சேந்து எங்கிட்ட வந்துருச்சு.”

வெண்ணிலா ஜாக்கெட்டைத் தன் தோள்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு எதிரே நின்றவளின் தோள்மேல் வைத்தாள். இரண்டு பக்கமும் துணி வழிந்து தொங்கியது. “அடக் கருமமே! இதவா போட்டுட்டுப் பின்குத்திட்டுத் திரிஞ்ச? நானே எத்தன தடவ உனக்குத் தோள் சரிவுன்னு சொல்லியிருக்கறேன்!” சிரிக்க ஆரம்பித்தவள் முடிக்கும்போது அழுதுவிட்டாள். அழுகை அடங்கியதும் போய்ச் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தாள். முழங்கைகள் விலாவில் இடித்தன. “இது உனக்கு மட்டுந்தான் ஆகும் சாமி. தனுசுக்கு நான் பதுலு சொல்லிக்கறேன்” என்றாள். குட்டியானையில் ஜாக்கெட் மட்டும் ஓமலூர் போனது.

மறுநாள் ஆலையிலிருந்து திரும்பியதும், மலர்விழி புதுத்துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கொம்பு சைக்கிளிலேயே முத்தாயம்மாள் வீட்டுக்குப் போனாள். முத்தாயம்மாள் மிஷினிலிருந்து தலை நிமிராமல் துணியை வாங்கி, மறு கையையும் நீட்டினார்.

“அளவு ஜாக்கெட் எங்க சாமி?”

“இல்லீங்க. நானே வந்திருக்கறேன், அளவெடுங்க.”